வாசலில் வசூல்: அவருக்கு என்னதான் அதிகாரம்?

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 60-வது பிரிவை எழுதியவர்கள் கடன்பட்ட ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்து, ஒவ்வொரு பொருளாகப் பார்த்து, 'இதைத் தொடாதே, இதையும் தொடாதே' என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்கள். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயியின் மாடு, கலப்பை, விதை தானியம். மத வழக்கப்படி ஒரு பெண் பிரியக் கூடாத நகையும் அதில் உண்டு. தாலி என்று நாம் வாசித்துக்கொள்ளலாம். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு, ஜெயித்து, டிக்ரி வாங்கி, அமீனாவோடு வந்து நின்றாலும் இவற்றில் கை வைக்க முடியாது. சம்பளத்தை ஜப்தி செய்தால்கூட முதல் 1,000 ரூபாயையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் நீதிமன்றத்துக்கே போடப்பட்ட வேலி. இன்று பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா டிவி, ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருவோம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிற வசூல்காரருக்கு அந்த வேலியைத் தாண்டும் அதிகாரத்தை யார் கொடுத்தது?

யாரும் கொடுக்கவில்லை. அவர் ஒரு தனியார் ஊழியர். பல சமயம் வங்கியின் ஊழியர்கூட இல்லை. வங்கியோ நிதி நிறுவனமோ வசூலைக் குத்தகைக்கு விட்டிருக்கும் ஒரு ஏஜென்சியின் ஆள். கடனைத் திருப்பிக் கேட்கலாம், நினைவூட்டலாம், பணம் கொடுத்தால் ரசீது தரலாம். சட்டம் அவருக்கு அனுமதிப்பது அவ்வளவுதான்.

ஏன் சத்தம் போடுகிறார்கள்?

வசூல் தொழிலில் கடன்களைப் 'பக்கெட்' என்று பிரிப்பார்கள். தவணை தவறி 30 நாள் வரை ஒரு பக்கெட், 60 வரை இன்னொன்று, 90 வரை மற்றொன்று. 90 நாளைத் தாண்டினால் அந்தக் கடன் வாராக்கடன் கணக்கில் விழும். வங்கி தன் லாபத்திலிருந்து அதற்குப் பணம் ஒதுக்க வேண்டிவரும். அதனால் அந்தத் தேதி நெருங்க நெருங்க, மாதக் கடைசி வர வர, போன் அழைப்புகள் கூடும். ஏஜென்சிக்குக் கமிஷன், ஆளுக்கு டார்கெட்.

வழக்குப் போட்டால் என்ன? 40,000 ரூபாய் தனிநபர் கடனுக்கு வக்கீல் வைத்து, வருடக்கணக்கில் அலைந்து, டிக்ரி வாங்கி, அதை நிறைவேற்றப் போனால் 60-வது பிரிவு குறுக்கே நிற்கும். கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது. அடமானம் இல்லாத சின்னக் கடனில் கடன் கொடுத்தவர் கையில் வேறு பிடி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுவது, மாமியாருக்குத் தெரிவது, ஆபீஸில் மேனேஜருக்குப் போன் போவது: இவற்றுக்குச் செலவே இல்லை, பலனோ உடனே தெரிகிறது. பணத்துக்கு ஈடாக மானத்தைப் பிடித்துவைப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. ஏதோ சில முரட்டு ஆட்களின் குணக்கேடு என்று சொல்லி வங்கிகள் கை கழுவுவதை நான் ஏற்கமாட்டேன். கமிஷனும் டார்கெட்டும் அமைந்திருக்கும் விதத்திலேயே அந்தக் குணக்கேடு இருக்கிறது. ரிசர்வ் வங்கிக்கும் இது தெரியும். 2008 ஏப்ரலில் வந்த அதன் சுற்றறிக்கை, ஏஜென்டுகளுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையும் இலக்கும் அநாகரிகமான, சட்டத்துக்குப் புறம்பான நடத்தையைத் தூண்டும்படி இருக்கக் கூடாது என்று அப்போதே சொன்னது.

மணி ஏழு ஆயிற்று

அந்த 2008 சுற்றறிக்கையும், 2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதி வந்த இன்னொரு சுற்றறிக்கையும் கடன் வாங்கியவர் கையில் இருக்க வேண்டிய இரண்டு காகிதங்கள். இரண்டாவது, வங்கிகளோடு நிதி நிறுவனங்களையும், பழைய கடன்களை விலைக்கு வாங்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கிக்காகப் போன் செய்யக் கூடாது. திட்டக் கூடாது, கை ஓங்கக் கூடாது, ஊர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், கடன் விண்ணப்பத்தில் 'ரெஃபரன்ஸ்' என்று பெயர் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. வாட்ஸ்அப்பிலோ சமூக ஊடகத்திலோ தகாத செய்தி அனுப்பக் கூடாது. பேர் சொல்லாமல் மிரட்டும் போன், மணிக்கொரு போன், பொய்யான தகவல் சொல்வது எல்லாமே தடை. ரெஃபரன்ஸ் கொடுத்தவர் ஜாமீன்தாரர் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் போன் நம்பரை எழுதினார் என்பதற்காக அவருடைய கடனில் ஒரு பைசாவும் உங்கள் தலையில் விழாது.

வீட்டுக்கு வருகிற ஏஜென்ட் அடையாள அட்டையும், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். எந்த ஏஜென்சியிடம் உங்கள் கணக்கு ஒப்படைக்கப்பட்டது என்பதை வங்கி முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். இந்த வேலைக்கென்று பயிற்சியும், இந்திய வங்கியியல் மற்றும் நிதிக் கழகத்தின் தேர்வும் உண்டு. வாசலில் நிற்பவரிடம் முதல் கேள்வியாக, "உங்க ஐ.டி. கார்டையும் ஆதரைசேஷன் லெட்டரையும் காட்டுங்க தம்பி, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். குரல் இறங்குவதை நீங்களே கேட்கலாம்.

2008 சுற்றறிக்கையில் பலர் கண்ணில் படாமல் போன ஒரு வரி உண்டு. வாடிக்கையாளர் புகார் கொடுத்திருந்தால், அதற்கு முடிவு சொல்லும் வரை அந்தக் கணக்கை வசூல் ஏஜென்சியிடம் அனுப்பக் கூடாது. வேண்டுமென்றே திரும்பத் திரும்ப வீண் புகார் கொடுக்கிறார் என்று வங்கி ஆதாரத்தோடு காட்டினால் மட்டுமே விலக்கு. தவணை தவறப் போகிறது, வேலை போய்விட்டது, கணக்கில் தவறான அபராதம் ஏறியிருக்கிறது என்று தெரிந்த அன்றே வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைப்பதன் பலன் இங்கேதான். நம்மில் பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர் எதிர்: போனை எடுப்பதில்லை, நம்பரை பிளாக் செய்கிறோம், சிம்மை மாற்றுகிறோம். அந்த மௌனத்தைத்தான் 'ஓடி ஒளிகிறார்' என்று ஏஜென்சி பதிவு செய்துகொள்கிறது.

அபராதம் என்றதும் இன்னொன்று. தவணை தவறினால் வட்டி விகிதத்தின் மேல் 'அபராத வட்டி' ஏற்றி, அதற்கும் வட்டி போடும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. அபராதக் கட்டணம் என்று ஒரு தொகை வாங்கலாம். அதை அசலோடு சேர்த்து வட்டிக்கு விடக் கூடாது. உங்கள் கணக்கு அறிக்கையை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சென்டர் மீட்டிங்

குழு லோன் என்று தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்தில் சொன்னாலும் புரியும். பீகாருக்கு அடுத்தபடி குறுங்கடன் மிக அதிகமாகப் புழங்கும் மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. கடன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அடமானம் கிடையாது, அதற்குப் பதில் ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு. குறித்த நாளில் குழுத் தலைவி வீட்டுத் திண்ணையில் கூடி, பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். அதுதான் சென்டர் மீட்டிங்.

ஒருத்தியால் கட்ட முடியவில்லை என்றால் வசூல் தம்பி கத்தவே வேண்டாம். "எல்லார் பணமும் வந்தாத்தான்க்கா நான் கிளம்புவேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டால் போதும். மற்றவர்கள் அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தவர்கள், நூறு நாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் நிற்பார்கள். நேற்றுவரை "அண்ணி" என்று கூப்பிட்டவள் இன்று வாசலில் நின்று கேட்பாள். நிறுவனத்தின் ஆள் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்; புகார் கொடுக்க என்ன இருக்கிறது? என் கணிப்பில், இந்தத் தொழில் கண்டுபிடித்த வசூல் முறைகளிலேயே மிகத் தந்திரமானது இதுதான். எந்தச் சுற்றறிக்கையும் இதை முழுதாகப் பிடிக்கவில்லை.

பிடித்தவரை சொல்கிறேன். 2022 மார்ச் 14-ஆம் தேதி ரிசர்வ் வங்கி குறுங்கடன்களுக்கெனத் தனி நெறிமுறை வெளியிட்டது. அந்த ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தரும் கடன் எல்லாம் இதற்குள் வரும், கொடுப்பது வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும். குடும்பம் மாதம் கட்ட வேண்டிய எல்லாத் தவணைகளையும் சேர்த்தால் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தெரிந்தால் புதுக் கடன் கொடுக்கவே கூடாது. ஒரே வீட்டில் நாலு குழு, அஞ்சு குழு என்று அட்டைகள் அடுக்கியிருக்கிறதே, எப்படி? வருமானத்தை யார் எழுதினார்கள், எவ்வளவு என்று எழுதினார்கள் என்று அந்த அட்டைகளைக் கேட்டால் தெரியும். தவறு கடன் வாங்கியவள் பேரில் மட்டும் எழுதப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வசூல், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறைக்குக் குறையாமல் அந்த இடத்துக்கு வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலைத்தலத்துக்கோ வரலாம். இங்கே நேர எல்லை இன்னும் இறுக்கம்: காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. உறவினர், அக்கம்பக்கத்தார், உடன் வேலை செய்பவர் ஆகியோரைத் தொந்தரவு செய்வது, கட்டாதவர் பேரை வெளியிடுவது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்துவது எல்லாம் தடை செய்யப்பட்டவை. "புருஷன் பேர்ல கேஸ் போட்டு உள்ள தள்ளிருவோம்" என்பது இந்தக் கடைசி வகை. கடன் அட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது.

இதோடு மாநிலச் சட்டம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அண்டை மாநிலமான கர்நாடகம் 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் தமிழ்நாடு சட்டமன்றம், கடன் கொடுக்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அப்போதைய துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் தாக்கல் செய்த மசோதா அது. பின்னர் ஆளுநரின் ஒப்புதலோடு சட்டமானது. வலுக்கட்டாய வசூலுக்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நெருக்கடி தாங்காமல் கடன் வாங்கியவர் உயிரை மாய்த்துக்கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-வது பிரிவின்படி தற்கொலைக்குத் தூண்டிய குற்றமாகக் கருதப்படும்.

(அந்த எண்ணம் எட்டிப் பார்க்கும் வீடுகள் இதைப் படிக்கக்கூடும். மாநில அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 இரண்டும் இலவசம். ஆபீஸ் நேரம் பார்க்க வேண்டியதில்லை.)

'அரெஸ்ட் வாரன்ட்' வந்திருக்கிறது

"மேடம், உங்க மேல எஃப்.ஐ.ஆர். ரெடியா இருக்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டினா நிறுத்திடலாம்." இந்த வசனத்தைக் கேட்காத தவணைக்காரர் அபூர்வம்.

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. அது சிவில் விவகாரம். டிக்ரி ஆன பிறகு சிவில் சிறைக்கு அனுப்பச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறதுதான். ஆனால் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்தக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டார். கையில் வசதி இருந்தும் வஞ்சகமாகக் கட்டாமல் இருப்பவரை மட்டும்தான் அனுப்பலாம். இல்லாமையே ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் காரணமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பண டிக்ரிக்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவே கூடாது என்று அதே உரிமையியல் சட்டத்தின் 56-வது பிரிவு சொல்கிறது.

ஆனால் இதைப் பாதியில் நிறுத்தினால் வாசகருக்குத் துரோகம் செய்தவனாவேன். செக் கொடுத்து அது திரும்பினால் கதை வேறு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவின்படி அது குற்ற வழக்கு. 2 ஆண்டு வரை சிறை அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. முதலில் நோட்டீஸ் வரும். வந்ததிலிருந்து 15 நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் இ.சி.எஸ்., நாச் உத்தரவு பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டுப் பணப்பட்டுவாடா சட்டத்தின் 25-வது பிரிவு கிட்டத்தட்ட இதே பிடியைக் கொடுக்கிறது. கடன் வாங்கும்போது கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குகள் இதற்காகத்தான் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அப்படி ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால் தேதியைக் குறித்துவைத்து, அன்றே ஒரு வக்கீலைப் பார்த்துவிட வேண்டும்.

லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் பலருக்குக் கை நடுங்குகிறது. அது சமரசத்துக்கு அழைப்பு. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. போவது நல்லது, பேரம் பேசலாம். கையெழுத்துப் போட்டுவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நடுவர் தீர்ப்பாயம் என்று வேறு ஊரிலிருந்து வரும் நோட்டீஸை மட்டும் ஒருநாளும் அலட்சியப்படுத்தக் கூடாது. நிறுவனமே தன்னிச்சையாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டியது நீங்கள்தான். பதில் போடாதவர் மேல் ஒருதலையாகத் தீர்ப்பு வந்துவிடும்.

வண்டியும் வீடும்

சிக்னலில் நிற்கும் வண்டியின் சாவியை உருவிக்கொண்டு போவதை 'சீசிங்' என்பார்கள். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 2007-இல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வங்கிகள் அடியாட்களை வைத்து வண்டி பறிப்பதைக் கண்டித்தது. 2011-இல் விஜயலக்ஷ்மி வழக்கில், தவணைமுறை ஒப்பந்தம் இருந்தாலும் பலவந்தமாக எடுக்கக் கூடாது, சட்டப்படியான வழியில்தான் எடுக்க வேண்டும் என்றது. ஒப்பந்தத்திலேயே வண்டியை எடுக்கும் நடைமுறை, அதற்கு முன் தர வேண்டிய நோட்டீஸ் காலம், விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நிபந்தனை. நடுரோட்டில், "நானே விருப்பப்பட்டு ஒப்படைக்கிறேன்" என்று அச்சடித்த தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். பலவந்தம் என்று பிறகு நிரூபிக்கும் வழியை அது அடைத்துவிடும். 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் ஒரு நிதி நிறுவனத்துக்காக வசூல் ஆட்கள் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனபோது, அதன் சக்கரத்தில் சிக்கி ஒரு கர்ப்பிணி இறந்தார். வெளி ஏஜென்டுகளை வைத்து வசூலிக்கவே கூடாது என்று அந்த நிதி நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. சில மாதங்களில் தடை விலகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டின் மேல் கடன் இருந்தால் வங்கியின் கை நீளம். 2002-ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி நீதிமன்றம் போகாமலே வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். அதற்கும் படிகள் உண்டு: வாராக்கடனான பிறகு 60 நாள் நோட்டீஸ், நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில், சுவாதீன நடவடிக்கை எடுத்தால் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள். விவசாய நிலம் இந்தச் சட்டத்துக்குள் வராது. கிரெடிட் கார்டு பாக்கிக்கும் தனிநபர் கடனுக்கும் 'வீட்டுக்கு சீல்' என்று மிரட்டுவது வெறும் புளுகு.

செயலியில் வாங்கிய 5,000

போனில் ஒரு செயலியை இறக்கி, ஆதாரைக் கொடுத்து, சில நிமிடத்தில் 5,000 ரூபாய். ஏழாம் நாள் உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் உங்கள் படம் போகிறது, ஆபாசமாக ஒட்டுவேலை செய்து. இது வசூல் அல்ல, பணம் பறிப்பு. ரிசர்வ் வங்கியின் 2022 டிஜிட்டல் கடன் நெறிமுறைகளும், அவற்றைத் தொகுத்து 2025 மே மாதம் வந்த ஆணையும், கடன் செயலி உங்கள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, புகைப்படங்களைத் தொடவே கூடாது என்கின்றன. கடன் தொகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். மனம் மாறினால், குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அபராதமில்லாமல் திருப்பிக் கொடுத்து விலகலாம். வசூலுக்கு ஆள் மாறினால், அவர் உங்களைத் தொடர்புகொள்வதற்கு முன்பே பெயர் விவரம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களோடு இணைந்த செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது.

அந்தப் பட்டியலில் இல்லாதவனிடம் மாட்டிக்கொண்டால், பணம் கொடுத்துத் தப்பலாம் என்று நினைப்பது வீண். ஒருமுறை கொடுத்தவர் மறுமுறையும் கொடுப்பார் என்பது அவன் கணக்கு. 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றமாகப் பதிவு செய்யுங்கள். "என் போன் விவரம் திருடுபோயிருக்கிறது, ஏதாவது படம் வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்" என்று உறவுகளுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு செய்தி போட்டுவிடுங்கள். அவன் விற்பது உங்கள் பயத்தை. அதற்கு மேல் விலை போகாது.

"ஐநூறு மட்டும் போட்டு விடுங்க சார்"

பல வருடம் முன்பு நின்றுபோன கிரெடிட் கார்டு பாக்கியைத் தேடி, கேள்விப்படாத ஒரு நிறுவனத்திலிருந்து திடீரென்று ஒரு போன் வரும். குரல் இனிமையாக இருக்கும். "பெரிய தொகை வேண்டாம் சார், டோக்கனா ஐநூறு போட்டு விடுங்க, கணக்கு ஆக்டிவ் ஆகட்டும்." பணக் கடனுக்கு வழக்குப் போடும் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு. அந்த வரம்பு முடிவதற்குள் ஒரு சிறு தொகை கட்டினாலும், பாக்கி உண்டு என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தாலும், 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். வரம்பு முடிந்த கடனுக்கும், கட்டுகிறேன் என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லுபடியாகும் ஒப்பந்தம். பழைய கடனைக் கட்டுவதா வேண்டாமா என்பது அவரவர் மனசாட்சி. தெரியாமல் உயிர் கொடுக்க வேண்டியதில்லை.

செட்டில்மென்ட் பேசினால், தொகையும் தேதியும், இதோடு கணக்கு முடிந்தது என்ற வாசகமும் நிறுவனத்தின் தலைப்புத் தாளில் கைக்கு வந்த பிறகே பணம். அதையும் கடன் கணக்கில்தான் கட்ட வேண்டும், வசூல் தம்பியின் ஜி-பே நம்பரில் அல்ல. செட்டில் செய்த கடன் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் நிற்கும், முழுதாக அடைத்த கடன் மாதிரி அல்ல. அடுத்த கடன் கேட்கும்போது அது பேசும். அடமானக் கடனை முழுதாக அடைத்தால் 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இதுதான் விதி.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், பிள்ளைகள் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. எதுவும் விட்டுப்போகவில்லை என்றால் எதுவும் இல்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நிலை அப்படியல்ல. கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவருக்கும் அவ்வளவு.

ஸ்டேஷனில் சொல்லும் பதில்

புகாரின் முதல் படி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம், விவரத்துக்கு 14448. ஏஜென்ட் செய்ததற்கு வங்கியே பொறுப்பு என்பதால், 'அது ஏஜென்சி ஆள், எங்களுக்குத் தெரியாது' என்ற பதில் அங்கே எடுபடாது. நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, 15100-இல் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும்: போன் அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட், குரல் பதிவு, வீட்டு முன் நின்ற நேரம், பார்த்தவர் பேர்.

மிரட்டல், வீட்டுக்குள் அத்துமீறி நுழைதல், பெண்ணிடம் அசிங்கமாகப் பேசுதல் எல்லாம் போலீஸ் விவகாரம். ஆனால் கடன் வாங்கியவர் போய் நின்றால், "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். கடன் கொடுத்தவர் போய் நின்றால், அதே சிவில் மேட்டருக்கு இன்ஸ்பெக்டர் அறையில் கட்டப்பஞ்சாயத்து நடக்கும். நான் கடனைப் பற்றிப் புகார் தரவில்லை, மிரட்டலைப் பற்றித் தருகிறேன் என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதி, மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வரக் கூடாது.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் விவகாரத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. 3 ஆண்டு வரை சிறை உண்டு. வாங்கிய அசலையும் சட்டம் அனுமதிக்கும் வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு நிம்மதியாக வெளியேறவும் அதில் வழி இருக்கிறது; அந்த வழியில் போனவரை என்னால் விரல்விட்டுக்கூட எண்ண முடியவில்லை. அந்தச் சட்டம் நடப்பில் இருக்கும்போதுதான் 2017 அக்டோபர் 23-ஆம் தேதி, மனு வாங்கும் திங்கட்கிழமையில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு தம்பதி தங்கள் இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார்கள். கந்துவட்டி பற்றி ஏற்கெனவே மனு கொடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

2025 சட்டத்துக்கும் அதே கதி வருமா என்பது ஸ்டேஷனைப் பொறுத்தது மட்டுமல்ல. குழு லோன் வாங்கிய பெண்ணுக்கு ஆடி மாதம் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், அதற்கு அடுத்த சுற்றுக் கடன் வேண்டும். அந்தக் கடனுக்குச் சிபாரிசு செய்கிறவர், போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்த அதே தம்பி. அவர் பேரில் அவள் புகார் எழுதுவாள் என்று எதிர்பார்க்கும் சட்டம், கூட்டுறவு வங்கிக் கடனை அவளுக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு அல்லவா எதிர்பார்க்க வேண்டும்?